பதினான்காம் எண் பூட்டு

காலை ஒன்பது மணி நான்கு நிமிடத்துக்கு எங்கள் சர்வர் விழுந்தது. ஒன்பது ஐந்துக்கு குன்வோர் போனில் வந்துவிட்டார்.

குன்வோர் அம்மாள்தான் ஓநாய்க்குத் தலைவர். மார்ச் மாதம் எங்கள் மலையில் நடக்கும் அறுபது கிலோமீட்டர் பனிச்சறுக்கு ஓட்டத்துக்கு வேறு பெரிய பெயர் இருக்கிறது. எங்கள் யெம்ட்லாந்துப் பக்கத்தில் அதை யாரும் அப்படிச் சொல்வதில்லை, ஓநாய் என்றால் போதும். ஆறாயிரம் பேர் ஓடலாம். அக்டோபரில் ஒரு செவ்வாய்க்கிழமை பதிவு திறக்கும். காலை ஒன்பதுக்கு மூவாயிரம் இடம், பகல் பன்னிரண்டுக்கு மூவாயிரம் இடம். அதை நடத்திக் கொடுப்பது நானும் சோல்வேயும். இரண்டே பேர் கொண்ட கம்பெனி. டேட்டாபேஸ் என் பொறுப்பு, அது ஓடும் இயந்திரம் அவன் பொறுப்பு.

"ஹில்லெவி," என்றார் குன்வோர். அவர் குரல் உயராது. உயராததுதான் பயம். "போன வருஷமும் இதே கதை. நான் அப்பவே கமிட்டியில உனக்காகப் பேசினேன்."

"தெரியுங்க."

"ஸ்டாக்ஹோம் கம்பெனிக்காரங்க பேப்பர் என் மேஜை மேலேயே இருக்கு. பன்னிரண்டுக்கும் விழுந்தா சாயங்காலமே கையெழுத்துப் போட்டுருவேன். கோபம் ஒண்ணும் இல்ல. ஆனா போட்டுருவேன்."

ஓநாய் போனால் எங்களிடம் மிச்சம் இருப்பது ஒரு மீன்பிடி சங்கமும் இரண்டு நாய் கண்காட்சிகளும். அதை வைத்துக்கொண்டு அலுவலக வாடகைகூடக் கட்ட முடியாது. அந்தப் பதற்றத்தில் வாயில் வந்தது இதுதான்:

"டேட்டாபேஸ்ல ஒண்ணும் இல்லீங்க. நான் போன வாரம்தான் அதை நல்லா தயார் பண்ணி வச்சேன். இது இயந்திரப் பக்கத்துப் பிரச்சினை."

எதிர் மேஜையில் சோல்வே இருந்தான். அவனுக்கு நிச்சயம் காதில் விழுந்தது. கணினித் திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டான், அவ்வளவுதான்.

சோல்வேயிடம் இதுதான் எனக்கு ஆகாது. பதினோரு வருடமாக ஒரே அறையில் உட்கார்ந்திருக்கிறோம், நேருக்கு நேர் ஒரு சண்டை போட்டதில்லை. மனத்தாங்கல் வந்தால் சீட்டு எழுதி ஒட்டுவான். காப்பிப் பாத்திரத்தில்: 'கடைசிக் கோப்பையைக் குடிப்பவர் புதிதாகப் போட்டால் நன்றாக இருக்கும்.' குளிர்ப்பெட்டியில்: 'இந்தத் தயிருக்கு ஆகஸ்டிலேயே ஆயுள் முடிந்தது.' ஒவ்வொன்றின் கீழும் ஒரு சிரிப்பு முகம். அந்தச் சிரிப்பு முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இரண்டு வருடமாக அவன் சீட்டுகளை நான் படிப்பதே கிடையாது.

டேட்டாபேஸை எழுப்பினேன். எழுந்தது, சமர்த்தாக நின்றது. சரி என்று இரண்டாயிரம் போலி ஓட்டக்காரர்களை அதன் மேல் ஏவிவிட்டேன். பதிவு செய்ய வருகிற ஒவ்வொருவருக்கும் பழைய ஓட்டங்களில் எடுத்த நேரத்தைத் தேடிப் பார்த்து, எந்த வரிசையில் நிற்பது என்று அது முடிவு செய்ய வேண்டும். நாற்பது வருடத்துக் கணக்கு உள்ளே இருக்கிறது. மூன்று நிமிடம் நன்றாக ஓடியது. நான்காவது நிமிடம் தொப்பென்று விழுந்தது. பதிவேட்டில் ஒரே வரி: நினைவகம் தீர்ந்துவிட்டதால் கொல்லப்பட்டது.

"மெமரி தீர்ந்துச்சாம்!" என்றேன். "அறுபத்திநாலு ஜிபி இருக்கு இந்த இயந்திரத்துல. எப்படித் தீரும்? நீ என்ன ஓட்டிக்கிட்டு இருக்கே அதுல?"

"ஒண்ணும் ஓட்டல."

"ராத்திரி பேக்கப் எடுக்குற வேலை ஏதாவது நிக்காம ஓடுதா?"

"நாலு மணிக்கே முடிஞ்சிருச்சு." பிறகு கடிகாரத்தைப் பார்த்தான். "மணி ஒன்பதரை."

உலகமே இடிந்து விழுந்தாலும் ஒன்பதரைக்குக் காப்பி. அவன் எழுந்து ஏலக்காய் ரொட்டியை எடுத்து இரண்டு தட்டில் வைத்தான். எனக்கு அந்தத் தட்டைத் தூக்கி எறியலாம் போல இருந்தது. ஆனாலும் உட்கார்ந்து தின்றேன், பழக்கம். அப்போதுதான் கதவைத் தட்டிக்கொண்டு வால்டெமார் வந்தார்.

வால்டெமார் எங்கள் ஏ கட்டடத்தில் மூன்றாம் மாடி. நான் இரண்டாம் மாடி; அலுவலகம் தரைத்தளம். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கையில் துணிக்கூடை, அதன் மேல் செல்போன்.

"தொந்தரவு பண்ணலையே? சும்மாதான் வந்தேன்," என்றார். சும்மா வருகிறவர் துணிக்கூடையோடு வருவாரா? "ஒன்பது மணிக்கு முயற்சி பண்ணினேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் வெள்ளையாயிருச்சு."

"எல்லாருக்கும் அப்படித்தாங்க ஆச்சு."

"இருபத்தொன்பது தடவை ஓடியிருக்கேன். முப்பதாவது ஓடினா வெள்ளி ஓநாய்ப் பதக்கம் குடுப்பாங்க. முழங்கால் இந்த வருஷம் தாங்கும்னு டாக்டர் சொல்றார். அடுத்த வருஷத்தைப் பத்தி அவர் வாயே திறக்கல."

எனக்குப் பாவமாகிவிட்டது. "உங்க பேரை நானே உள்ள எழுதிடறேன். ஒரு வரி. ஒரு நொடி வேலை. யாருக்கும் தெரியாது."

அவர் முகம் சிவந்தது. அந்தக் கூடையை நான் பறிக்கப் போகிறேன் என்பதுபோல மார்போடு அணைத்துக்கொண்டார். "வரிசைன்னு ஒண்ணு இருக்கே, ஹில்லெவி," என்று சொல்லிவிட்டு மெதுவாகக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார். சோல்வே என்னைப் பார்த்த பார்வையில், ஊரார் முன்னால் காலணியோடு வீட்டுக்குள் நுழைந்தவள் ஆகிவிட்டேன் நான்.

பத்தே கால். இணைப்புகளைக் குறைத்துப் பார்த்தேன். நான்கு நிமிடம் ஆறு ஆனது, பிறகு விழுந்தது. தேடல்களுக்குத் தரும் இடத்தைப் பாதியாக்கினேன்; எட்டு நிமிடம், தொப். இரண்டையும் பழையபடி திருப்பி வைத்தேன். எங்கோ ஒழுகுகிறது என்று ஒவ்வொரு வேலையாகப் பிடித்து அது தின்கிற இடத்தை ஒரு காகிதத்தில் எழுதிக் கூட்டினேன். கூட்டல் சரியாக வரவில்லை. மறுபடி கூட்டினேன். அதே விடைதான் வந்தது.

"சோல்வே, இங்க வா."

வந்தான்.

"எல்லா வேலையும் சேர்ந்து தின்னது இருபத்திமூணு ஜிபி. சரியா?"

"ஹுப்," என்று மூச்சை உள்ளே இழுத்தான். எங்கள் பக்கத்தில் ஆமாம் என்பதற்கு வாய் திறக்க மாட்டோம், இப்படி ஒரு மூச்சுதான். தெற்கத்திக்காரர்கள் எங்களுக்கு ஏதோ திணறல் என்று பயப்படுவார்கள்.

"ஆனா இயந்திரம் என்ன சொல்லுது? அறுபத்திமூணு போயாச்சு, ஒண்ணுதான் மிச்சம்னு சொல்லுது. நடுவுல நாப்பது ஜிபி எங்கேய்யா போச்சு? எவன் தின்னான்?"

எனக்கு உடம்பெல்லாம் விறுவிறுவென்றிருந்தது. இது ஒழுகல் இல்லை. ஒழுகினால் கண்டபடி ஓர் எண் வரும், முப்பத்தேழு புள்ளி ஏதோ என்று. இது சுளையாக நாற்பது. யாரோ கணக்குப் பார்த்து எடுத்து வைத்த எண். வேட்டைக்குப் போகிறவனுக்குக் காட்டுமானின் குளம்படி கிடைத்தால் இப்படித்தான் இருக்கும்.

சோல்வே உதட்டைக் கடித்தான். எதையோ சொல்ல வந்தான். "அது..." என்றான். "கீழ ஒரு சீட்டு ஒட்டியிருக்கேன்."

"சீட்டு! இந்த நேரத்துல உன் சீட்டு யாருக்கு வேணும்? இயந்திரத்தையே போய்ப் பாக்குறேன்," என்று கத்திவிட்டு அடித்தளத்துக்கு ஓடினேன். அவனும் பின்னாலேயே வந்தான்.

எங்கள் சர்வர் அடித்தளத்தில், பழைய சைக்கிள் அறையில் இருக்கிறது. போகிற வழியில்தான் கட்டடத்தின் சலவையறை. அதன் வாசலில், பெஞ்சில், அதே கூடையை மடியில் வைத்துக்கொண்டு வால்டெமார் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இன்னும் இரண்டு கூடைகள் ஆளில்லாமல் வரிசையில் நின்றன. சலவையறைக்குள் விளக்கில்லை. இரண்டு இயந்திரமும் வாயைத் திறந்தபடி காலியாக இருந்தன.

"ஏன் இங்க உக்காந்திருக்கீங்க? போட்டுத் துவைக்க வேண்டியதுதானே?"

வால்டெமார் தலையைச் சாய்த்துச் சுவரைக் காட்டினார். சுவரில் நேரப் பலகை. வீட்டுக்கு ஒரு சின்னப் பூட்டு, பூட்டில் வீட்டு எண். எந்த வேளை வேண்டுமோ அந்தத் துளையில் அவரவர் பூட்டை மாட்டிவிடுவோம். செவ்வாய், காலை ஏழு முதல் பகல் ஒன்று வரை. அந்தத் துளையில் பதினான்காம் எண் தொங்கியது. பதினான்கு என் வீடு.

"உங்க பூட்டு தொங்குதே," என்றார்.

"ஐயோ, நான் அப்பவே பி கட்டடத்துக்குப் போயிட்டேங்க! நாலு தரைவிரிப்பு இருந்துச்சு, இந்த இயந்திரத்துல அடங்கல. அங்கதான் பெரிய இயந்திரம் இருக்கு. எல்லாத்தையும் ஏழு மணிக்கே அங்க தூக்கிட்டுப் போய்ப் போட்டேன்."

"அப்படியா," என்றார். கொஞ்சம் யோசித்தார். அவர் வாயிலிருந்து நான் கேட்ட மிகக் கடுமையான சொல் அடுத்து வந்தது: "அங்கயும் கூட்டமாம். பி கட்டடத்து ஆளுங்களுக்கு இடமே இல்லையாம். ஏ கட்டடத்துலேருந்து யாரோ வந்து அடைச்சுக்கிட்டாங்களாம்."

"அரை மணி நேரம் யாரும் வரலைன்னா வேற யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு விதியே இருக்கே?"

"இருக்கு. ஆனா பூட்டு தொங்கும்போது எப்படி?"

நான் அந்தப் பூட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன். இடம் பிடித்து வைத்தது நான். கொண்டுவந்தது அதைவிடக் கொஞ்சம் பெரிசு. அடங்கவில்லை. அடங்கின வரைக்கும் இங்கே, மிச்சத்தை அங்கே என்று பிரித்தேனா? இல்லை, மொத்தத்தையும் தூக்கிக்கொண்டு பொது இடத்துக்குப் போய் அங்கே இருந்தவர்களை நெருக்கினேன். இங்கே என் பெயரில் காலி இடம். தொடுவதற்கு ஒருவருக்கும் மனசு வரவில்லை.

"சோல்வே!" நான் போட்ட கூச்சலில் வால்டெமாரின் கூடையிலிருந்து ஒரு காலுறை விழுந்தது. "நீ டேட்டாபேஸுக்குன்னு தனியா இடம் பிடிச்சு வச்சிருக்கியா?"

"ஹுப்."

"எவ்வளவு?"

"நாப்பது. சீட்டுல எழுதியிருக்கேனே."

சைக்கிள் அறைக் கதவைத் திறந்தேன். சர்வர் அலமாரியின் கதவில், என் கண்ணுக்கு நேராக, மஞ்சள் சீட்டு. 'டேட்டாபேஸுக்காக நினைவகத்தில் 40 ஜிபியைப் பெரிய பக்கங்கள் என்ற தனித் துண்டுகளாக ஒதுக்கியிருக்கிறேன். வேறு எந்த வேலையும் அதைத் தொடாது. டேட்டாபேஸின் அளவை மாற்றினால் எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் நன்றாக இருக்கும்.' கீழே சிரிப்பு முகம்.

போன வியாழக்கிழமை நான் என்ன செய்தேன்? ஓநாய்க்குத் தயார் செய்கிறேன் என்று டேட்டாபேஸின் அளவை முப்பத்தொன்பதிலிருந்து நாற்பத்திரண்டு ஆக்கினேன். இணைப்புகளையும் இரண்டு மடங்கு ஆக்கினேன். ஒரு வார்த்தை சொன்னேனா? என் டேட்டாபேஸ், என் எண், இவனிடம் என்ன கேட்பது என்று இருந்துவிட்டேன். நாற்பத்திரண்டு நாற்பதில் அடங்காது. டேட்டாபேஸ் சத்தமே போடாமல், இருபத்துநான்கு ஜிபி மட்டுமே இருந்த பொது இடத்துக்கு மூட்டை முடிச்சோடு போய்விட்டது. ஆள் இல்லாத நாளில் தேவைக்குக் கொஞ்சமாக எடுத்துக்கொண்டு அங்கே காலத்தை ஓட்டியது. கூட்டம் வந்ததும் மூச்சு முட்டிச் செத்தது. பக்கத்திலேயே நாற்பது ஜிபி, ஈ காக்கை இல்லாமல்.

மேலே ஓடிவந்து பார்த்தேன். ஒதுக்கியது நாற்பது, அதில் காலியாக இருப்பது நாற்பது. எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

"இது ஏன் ஒரு வார்த்தை சொல்லல நம்மகிட்ட? எச்சரிக்கைகூட இல்லையே!"

"ஒதுக்கின இடத்துக்கு முயற்சி பண்ணு, கிடைக்கலைன்னா பரவாயில்லைன்னு வச்சிருக்கோம்," என்றான் சோல்வே. "அதான் பரவாயில்லைன்னு போயிருக்கு."

"நீயும் நானும் வளர்த்த பிள்ளைதானே!"

மணி பதினொன்று இருபத்தெட்டு. ஒதுக்கீட்டைப் பெரிதாக்க வேண்டுமானால் இயந்திரத்தையே அணைத்து எழுப்ப வேண்டும். அது எழுந்து தன் நினைவகத்தை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து முடிக்க இருபது நிமிடம் ஆகும், எழாமலும் போகலாம். இல்லையென்றால் நான் என் எண்ணைக் குறைக்க வேண்டும். எண்ணைக் குறைத்தேன், நாற்பத்திரண்டிலிருந்து பழைய முப்பத்தொன்பதுக்கு.

"அந்தப் பரவாயில்லையையும் மாத்து," என்றான் சோல்வே திடீரென்று. அவன் குரல் இவ்வளவு உயர்ந்து நான் கேட்டதில்லை. "இடம் கிடைக்கலைன்னா எழுந்திருக்கவே கூடாதுன்னு வை. கத்தட்டும்!"

மாற்றினேன். எழுப்பினேன்.

எழவில்லை.

மறுபடி எழுப்பினேன். எழவில்லை. பதினொன்று முப்பத்தாறு. மேஜை மேல் போன் அதிர்ந்தது, குன்வோர். எடுக்கவில்லை.

"என்ன சொல்லுது?" என்று கேட்டான் சோல்வே.

"செத்துப்போச்சுன்னு சொல்லுது, வேறென்ன!"

"ஹில்லெவி. படி."

படித்தேன். கேட்டது நாற்பது புள்ளி மூன்று ஜிபி, இருப்பது நாற்பது, தர முடியாது. அந்தப் புள்ளி மூன்று என்னுடைய புது இணைப்புகள். ஒவ்வொன்றும் தனக்கென்று கொஞ்சம் கேட்கும், இரண்டு மடங்கு ஆக்கியது நான்தானே. பழைய சோற்றுப் பாத்திரத்தில் பழைய சோறு மட்டும்தான் அடங்கும் என்று அது புட்டுப் புட்டு வைக்கிறது! காலையிலிருந்து இதுதான் முதல் தடவையாக அது எங்களிடம் பேசியது. கட்டிப் பிடித்து முத்தம் கொடுத்திருப்பேன்.

"முப்பத்தெட்டு," என்றேன் நான்.

"முப்பத்தெட்டு," என்றான் அவன்.

எழுந்தது! ஒதுக்கிய நாற்பதில் காலி: முக்கால் ஜிபி. உள்ளே போய் உட்கார்ந்துவிட்டது. இரண்டாயிரம் போலிகளை ஏவினேன். நான்கு நிமிடம். எட்டு நிமிடம். நாலாயிரம் பேர். பொது இடத்தில் இன்னும் பதினைந்து ஜிபி சும்மா கிடந்தது. சோல்வே நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தான். அவன் கன்னம் இரண்டும் சிவந்திருந்தன. நான் அவன் தோளைப் பிடித்து உலுக்கினேன். பதினோரு வருடத்தில் முதல் தடவை அவனைத் தொடுகிறேன் என்று நினைக்கிறேன்.

பதினொன்று ஐம்பத்தைந்துக்குப் போலிகளை விரட்டிவிட்டு வால்டெமாரைக் கூப்பிட்டு உள்ளே உட்கார வைத்தேன். வரிசையில்தான் நிற்கப் போகிறார், நிற்பதை நாற்காலியில் நிற்கட்டும் என்றேன். ஒத்துக்கொண்டார்.

பன்னிரண்டு. திரையில் கூட்டத்தைக் காட்டும் கோடு செங்குத்தாக ஏறியது. ஒன்பதாயிரம் பேர் ஒரே நேரத்தில் கதவைத் தட்டினார்கள். ஒரு நிமிடம். இரண்டு. மூன்றாவது நிமிடம் நான் மூச்சு விடவில்லை. நான்காவது நிமிடம் வந்தது, எங்களைக் கொன்ற நிமிடம்; வந்தது, போயே போய்விட்டது! ஆறாவது நிமிடத்தில் மூவாயிரம் இடமும் தீர்ந்தது. திரையில் ஒரு சிவப்பு எச்சரிக்கைகூட இல்லை. நான் மேஜையைக் குத்தினேன், காப்பிக் கோப்பை கவிழ்ந்தது, துடைக்கத் தோன்றவில்லை.

வால்டெமார் போனைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தார். "வரிசை மூணு," என்றார். "எண் நாலாயிரத்து முந்நூத்திப் பதினொண்ணு." மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், துடைத்தார், மறுபடி துடைத்தார்.

போன் அடித்தது. ஒலிபெருக்கியில் போட்டேன்.

"பார்த்தேன்," என்றார் குன்வோர். "ஆறு நிமிஷம். நல்லா இருந்துச்சு." அந்த அம்மாள் வாயிலிருந்து இதற்கு மேல் புகழ்ச்சி வராது. "அப்போ காலையில இயந்திரத்துலதான் கோளாறா? சோல்வேயை மாத்தணும்னா இப்பவே சொல்லிடு, கமிட்டிக்கு எழுதிடறேன்."

சோல்வே கவிழ்ந்த கோப்பையை நிமிர்த்திக்கொண்டிருந்தான்.

"இயந்திரத்துல ஒண்ணும் இல்லீங்க," என்றேன். "காலையில உங்ககிட்ட சொன்னது தப்பு. அவன் சரியா இடம் ஒதுக்கி, எழுதி ஒட்டியும் வச்சிருந்தான். நான் படிக்கல. கேக்காம எண்ணை மாத்தினேன். விழுந்தது என்னால."

என் காதெல்லாம் சூடாகிவிட்டது. இந்த இடத்தில் சோல்வே, சேச்சே, இரண்டு பேர் மேலும் தப்பு உண்டு என்று சொல்லுவான். எங்கள் ஊரில் அப்படித்தான் சொல்லுவார்கள். நான் காத்திருந்தேன்.

"அப்படியா, சோல்வே?" என்று கேட்டார் குன்வோர்.

"ஹுப்," என்றான் சோல்வே.

ஒலிபெருக்கி வழியாக அந்த மூச்சு மலை தாண்டிப் போயிருக்கும். குன்வோர் சிரித்தே விட்டார். "சரி. ஸ்டாக்ஹோம் பேப்பரை அடுப்புல போடறேன். அடுத்த வருஷமாவது அந்தச் சீட்டைப் படி," என்று வைத்துவிட்டார்.

நான் சோல்வேயை முறைத்தேன். அவன் ஏலக்காய் ரொட்டியில் மிச்சமிருந்த ஒன்றை என் பக்கம் தள்ளினான். வாய் விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தான், சீட்டில் போடும் சிரிப்பு இல்லை.

வால்டெமார் எழுந்தார். கூடையை எடுத்துக்கொண்டு கதவு வரைக்கும் போனார். அங்கே நின்று தொண்டையைச் செருமினார்.

"கேக்குறது சரியில்லதான்," என்றார். "நீங்க ரெண்டு பேரும் இன்னிக்கு ரொம்ப வேலை பண்ணியிருக்கீங்க. ஆனா மணி பன்னிரண்டேகால் ஆச்சு. அந்தப் பூட்டு ஒண்ணு வரைக்கும் தொங்குமா?"

நான் படியில் இரண்டு இரண்டாகத் தாண்டி அடித்தளத்துக்கு ஓடினேன்.